படிவத்தில் எழுதுமுன் தமிழ் வகுப்பு உண்டா என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கல்லூரி என்றதும் தமிழ்நாட்டு வாசகர்களுக்குப் பிளஸ் டூவுக்குப் பிந்தைய படிப்புதான் நினைவுக்கு வரும். மொரீஷியஸில் நாங்கள் கொலேஜ் என்று சொல்வது மேல்நிலைப் பள்ளியை. ஆறாம் வகுப்புத் தேர்வு எழுதியதும், 11 வயதிலேயே பிள்ளை அங்கே போய்விடும். தீவை 4 கல்வி மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். தங்கள் மண்டலத்தில் எந்த கொலேஜ் வேண்டும் என்று பெற்றோர் வரிசைப்படி எழுதித் தர வேண்டும்.

என் பேத்திக்காக மகளும் மருமகனும் அந்தப் படிவத்தை நிரப்பினார்கள். கொலேஜின் பெயர், தேர்ச்சி, பஸ் போகும் நேரம் எல்லாம் விசாரித்தார்கள். தமிழ் உண்டா என்று ஒருவரும் கேட்கவில்லை. 31 ஆண்டு தொடக்கப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்த நானும் கேட்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. ஜனவரியில் சேர்ந்த பிறகுதான், "தமிழுக்கு மூன்றே பிள்ளைகள், வகுப்பு நடத்த முடியாது" என்று சொன்னார்கள். கோயிலில் தேவாரத்தைத் தானே எழுத்துக்கூட்டி வாசித்த பிள்ளை அவள். வீட்டில் எங்கள் பேச்சு, இந்தத் தீவில் எல்லோரும் பேசும் கிரியோல் மொழி. பள்ளிக்கூடத்தை விட்டால் தமிழ் எழுத்து அவள் கண்ணில் படுவது கோயில் சுவரிலும் ரூபாய் நோட்டிலும்தான்.

அந்த ரூபாய் நோட்டுக்காக நாம் என்ன பாடுபட்டோம்! 1998இல் வந்த புது நோட்டில் தமிழைக் கீழே இறக்கினார்கள் என்று ஊரெல்லாம் கொதித்தோம். அரசு அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றது. அந்த உறுதியில் கொஞ்சமாவது கொலேஜ் படிவத்தின் முன் உட்காரும்போது வேண்டாமா?

எங்கள் காலத்தில் தேர்ந்தெடுக்க ஒன்றும் இல்லை. அப்பா கரும்புத் தோட்டத்தில் வேலை செய்தார். கட்டணம் கட்ட முடியாமல் 1973இல் அக்கா ஆறாம் வகுப்போடு நின்றாள். 1977இல் மேல்நிலைக் கல்வி இலவசமானது, நான் போனேன். அவள் தைத்துக் கொடுத்த சீருடையில்தான் போனேன்.

பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறேன்: படிவம் தருமுன் கொலேஜுக்கே நேரில் போங்கள். தமிழ் ஆசிரியர் இருக்கிறாரா, கொலேஜின் கடைசித் தேர்வான எச்எஸ்சி வரைக்கும் வகுப்பு நடக்கிறதா என்று கேளுங்கள். அதே மண்டலத்துத் தமிழ்க் குடும்பங்களோடு கலந்து பேசி ஒரே கொலேஜை முதலில் எழுதுங்கள். பிள்ளைகள் சேர்ந்தால் வகுப்பு நடக்கும். மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் தமிழில் பி.ஏ. படிக்கலாம், 2019 முதல் அரசு உயர்கல்வி நிறுவனங்களில் முதல் பட்டப்படிப்புக்குக் கட்டணமும் இல்லை. கொலேஜில் தமிழ் அறுந்துபோனால் அந்த வாசல் வரை யார் போவார்கள்? நாளைக்குத் தொடக்கப் பள்ளியில் அகரம் எழுதிக்காட்ட ஆசிரியர் எங்கிருந்து வருவார்?

பேத்தி இப்போது சனிக்கிழமை காலையில் என்னிடம் படிக்கிறாள். அவள் தம்பிக்கு அடுத்த ஆண்டு படிவம் வரும். கோயிலுக்கு வரும் நான்கு குடும்பங்களோடு இப்போதே பேசி வைத்திருக்கிறேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
ரோஸ் ஹில், மொரீஷியஸ்