தாய்லாந்துத் தள்ளுவண்டிப் பூச்சிகள்

அன்புள்ள செந்தில்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் எனக்கும் ரொம்ப சந்தோஷம், அவளிடம் நான் விசாரித்ததாகச் சொல். தாய்லாந்துக்கு டிக்கெட் போட்டாச்சு என்று எழுதிவிட்டு, கடைசி வரியில் "நீ அங்கே பூச்சியெல்லாம் சாப்பிட்டாயாமே, உண்மையா?" என்று கேட்டிருந்தாய். உண்மைதான். சாப்பிட்டேன், பிடித்தும் போனது. ஆனால் நீ சாப்பிடக் கூடாது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பாங்காக்கில் காவ் சான் சாலை என்று ஒன்று இருக்கிறது, வெளிநாட்டுப் பயணிகள் மொய்க்கிற இடம். அங்கே குச்சியில் குத்திய தேளை வாங்கி, வாய் வரை கொண்டுபோய்ப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். படம் எடுக்கவே காசு கேட்டு அட்டை மாட்டியிருக்கும் வண்டிகளும் உண்டு. அதை வைத்து இந்த உணவை எடைபோடாதே. உள்ளூர்க்காரர்கள் வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் வாங்கிப் போகிற வண்டிகள் இரவுச் சந்தைகளில் நிற்கும், அங்கேதான் எனக்கு இதன் மேல் மரியாதையே வந்தது.

பல்பு வெளிச்சத்தில் தட்டுத் தட்டாகப் பொரித்த வெட்டுக்கிளி, சில்வண்டு (சுவர்க்கோழி என்கிற பூச்சி), மூங்கில் புழு, பட்டுப்பூச்சியின் கூட்டுப்புழு. கேட்டதை அள்ளிப் பையில் போட்டு, சோயா சாஸ் மாதிரி ஒரு திரவத்தைப் பாட்டிலிலிருந்து பீய்ச்சி, வெள்ளை மிளகுத்தூள் தூவிக் குலுக்கித் தருகிறார்கள். மூங்கில் புழுதான் எனக்கு முதலிடம். விரல்கடை நீளம், மொறுமொறுவென்று உடைந்து, சோளப்பொரி போல ஒரு லேசான இனிப்போடு முடிந்துவிடுகிறது. வெட்டுக்கிளியைத் தின்னும்போது பின்னங்காலைப் பிய்த்துப் போட்டுவிட வேண்டும், அதில் முள் இருக்கிறது. கூட்டுப்புழு உள்ளே மாவு மாதிரி மெத்தென்று இருந்தது, அதன் வாசனை எனக்குப் பழகவில்லை. ஆனால் நூல் எடுத்த பிறகு மிஞ்சுவதை வீணாக்காமல் சாப்பிடுகிறார்கள் என்பது எனக்குப் பிடித்திருந்தது.

இதை வறுமையில் தின்கிற பண்டம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அதைக் கேட்டால் கோபம் வருகிறது. வடகிழக்கே ஈசான் பகுதியில் சிவப்பெறும்பு முட்டைக்குக் கோடையில் அவ்வளவு கிராக்கி, விலையும் அதிகம். 1970களின் இறுதியில் வெட்டுக்கிளிகள் பயிரை அழித்தபோது, மருந்து தெளித்தும் சரிவராமல், பிடித்துச் சாப்பிடுங்கள் என்று பிரச்சாரமே நடந்தது. பிறகு அதுவே விற்கும் பண்டமாகிவிட்டது. சில்வண்டை இப்போது பண்ணையில் வளர்க்கிறார்கள். கொன் கேன் பல்கலைக்கழகம் 1998இல் வளர்ப்பு முறையைப் பரப்பத் தொடங்கியது, 2013இல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு வெளியிட்ட அறிக்கையில் சுமார் 20,000 பண்ணைகள் என்று சொல்லியிருக்கிறார்கள். பண்ணையில் வளர்ந்தது என்றால் எனக்கு நிம்மதி, ஏனென்றால் வயலில் பிடித்ததில் பூச்சிமருந்து இருக்க வாய்ப்பு உண்டு.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். உனக்கு இறால் ஒத்துக்கொள்ளாது இல்லையா? இறாலில் ஒவ்வாமையைக் கிளப்புகிற புரதத்தைப் போன்ற ஒன்றே பூச்சிகளிலும் இருக்கிறது. பொரித்தாலும் அது போகாது. அதனால் ஒன்றே ஒன்று ருசி பார்க்கிறேன் என்றுகூட எடுக்காதே. பப்பாளிக்காய் இடித்துச் செய்யும் சோம் தாமிலும் பெரும்பாலும் உலர்ந்த இறால் போடுவார்கள், மிளகாய்த் துவையல்களில் இறால் விழுது இருக்கும். "எனக்கு இறால் ஒவ்வாமை" என்று தாய் மொழியில் ஒரு அட்டையில் எழுதி வைத்துக்கொண்டு, வாங்கும் முன் காட்டு. வெட்கப்படவே வேண்டாம், நிறைய பேர் அப்படித்தான் செய்கிறார்கள்.

உனக்குத் தின்ன வேறு நிறைய இருக்கிறது. குழிச் சட்டியில் தேங்காய்ப்பாலும் அரிசிமாவும் ஊற்றிச் சுடுகிற கனோம் க்ரோக்கைச் சுடச்சுட வாங்கு, விளிம்பு முறுகலாகவும் நடுவில் பாலாகவும் இருக்கும். மாம்பழத்தோடு தருகிற ஒட்டரிசி, கரியில் சுட்ட வாழைப்பழம், இதெல்லாம் போதாதா?

எந்தத் தேதியில் கிளம்புகிறாய், வடக்கே சியாங் மாய் வரை போவாயா என்று எழுது. அப்படியென்றால் அங்கத்திய சந்தைகளைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். ஒவ்வாமை மாத்திரையைக் கைப்பையில் வை, பெரிய பெட்டியில் போட்டுவிடாதே.

அன்புடன்,
குமரன்