மாஸ்டரின் துப்பாக்கியில் முறிந்த ஊசி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. கண் அறுவை நல்லபடியாக முடிந்தது, எதிர்ச்சுவர்க் காலண்டரில் தேதி தெரிகிறது என்று எழுதியிருந்தாய். படித்ததும் மனசு லேசானது. பேத்தி துப்பாக்கி சுடப் பழக ஆரம்பித்திருக்கிறாள் என்ற சேதி அதைவிடச் சந்தோஷம். உடனே பதில் போடாததற்குக் காரணம் உண்டு. நாம் இருவரும் முதன்முதலில் சுட்டுப் பழகிய அந்தப் பழைய .22 (புள்ளி இருபத்திரண்டு அங்குலக் குழல்) துப்பாக்கி பழுதாகிப் போனது. அது சரியாகிற வரை எதையும் எழுதக் கை ஓடவில்லை. இதைப் பேத்திக்கும் படித்துக் காட்டு.

கிளப்புக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் இன்னமும் அதில்தான் முதல் தோட்டாவைச் சுடுகிறார்கள். போன மாதம் ஒரு பையன் விசையை அழுத்தினான். 'டிக்' என்று சத்தம் வந்தது, தோட்டா வெடிக்கவில்லை. குழல் இலக்கைப் பார்த்தபடியே இருக்கட்டும் என்று சொல்லி 30 வினாடி எண்ணினேன். மருந்து தாமதமாகப் பற்றினாலும் பற்றும் என்று, நமக்குச் சுடக் கற்றுக்கொடுத்த மாஸ்டர் போட்ட விதி அல்லவா. பிறகு தோட்டாவை வெளியே எடுத்தால், விளிம்பில் அடிபட்ட தடம் இருந்தது. அதைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுச் சுடச் சொன்னேன், வெடித்தது.

அங்கேதான் நான் தவறாக முடிவுகட்டினேன். .22 தோட்டாவில் தூண்டுமருந்து தனியாக நடுவில் இருப்பதில்லை. அடிவிளிம்பின் மடிப்புக்குள் சுற்றிலும் பரவியிருக்கும். செய்யும்போது ஓரிடத்தில் சரியாகப் பரவாமல் விட்டுப்போனால், அந்த இடத்தில் எவ்வளவு அடித்தாலும் வெடிக்காது. வேறு பக்கம் அடித்தால் வெடிக்கும். ஆகவே தோட்டாதான் மட்டம் என்று நினைத்து வேறு பெட்டியைப் பிரித்தேன். அதிலும் பத்துக்கு இரண்டு மூன்று மக்கர் செய்தது.

ஒரு வாரம் இப்படியே போனது. பிறகு ஒரு நாள் இரவு மேசை விளக்கைப் போட்டுக்கொண்டு காலித் தோட்டாக்களை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். போன வருடம் சுட்டவை சில ஒரு டப்பாவில் கிடந்தன. அவற்றில் தடம் நல்ல செவ்வகம், ஒரே ஆழம். இப்போது சுட்டவற்றிலோ சோப்புக் கட்டியில் நகம் பட்ட மாதிரி சாய்வாக ஒரு கீறல். செவ்வகத்தில் பாதியைக் காணோம். தோட்டாமேல் பழி போட்டு ஒரு வாரம் ஓட்டிவிட்டோமே என்று மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. பதில் முதல் தோட்டாவின் விளிம்பிலேயே இருந்திருக்கிறது.

மறுநாள், துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கும் ஆர்மரரிடம் போனேன். துப்பாக்கி காலி என்று இரண்டு பேரும் தனித்தனியாகப் பார்த்த பிறகுதான், தோட்டாவுக்குப் பின்னால் குழலை அடைக்கும் போல்ட்டைக் கழற்றினார். உள்ளே ஒரே கறுப்பு மெழுகு. .22 குண்டின்மேல் பூசும் மெழுகும் கரியும் சேர்ந்து இறுகிப்போனது. துடைத்துவிட்டு, தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் ஊசியை, அதுதான் ஃபயரிங் பின், வெளியே இழுத்தார். நுனியில் ஒரு பக்கம் சாய்வாக முறிந்திருந்தது. நான் புது ஊசி பற்றிப் பேச வாயெடுத்தேன். அவர் கையமர்த்தி, "முறிந்த துண்டு எங்கே?" என்றார். அரை மணி நேரம் அதைத்தான் தேடினோம். கடைசியில் ஊசி ஓடும் துளைக்குள், அந்தக் கறுப்பு மெழுகில் புதைந்து, எள் அளவில் கிடைத்தது. அது ஊசிக்கும் துளைச்சுவருக்கும் நடுவே சிக்கி, ஊசி முன்னே நீட்டியபடி நின்றிருந்தால், போல்ட்டை மூடும்போதே தோட்டா வெடித்திருக்கும், விசையைத் தொடாமலே. அந்தப் பையனின் கையை நினைத்துக்கொண்டேன். இனி ஒரு தடவை 'டிக்' என்றாலும் அன்றைக்குச் சுடுவதை நிறுத்திவிட்டு போல்ட்டைக் கழற்றிப் பார்ப்பது என்று வைத்திருக்கிறேன்.

ஊசி முறிந்ததற்கான காரணம் சேம்பரில், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையில், இருந்தது. வாய் விளிம்பில், ஊசி அடிக்கும் இடத்துக்கு நேராக, ஒரு சின்னப் பள்ளம். விரல் நகத்தை ஓட்டினால் தட்டுப்பட்டது. தோட்டாவின் நடுவில் அடிக்கும் துப்பாக்கியில் தோட்டா போடாமல் வெறுமனே விசையை அழுத்தினால் ஊசி காற்றில் போய் நிற்கும். இதில் ஊசிக்கு எதிரே சேம்பரின் உருக்கு விளிம்பே நிற்கிறது. இடையில் தோட்டாவின் பித்தளை இல்லாவிட்டால் இரும்பு இரும்பில்தான் மோதும். 1964-இல் வந்த ரூகர் 10/22 மாதிரி சிலவற்றில் குறுக்கே ஒரு சிறு பின் வைத்து ஊசி அவ்வளவு தூரம் போகாமல் தடுத்திருக்கிறார்கள். நம்முடைய பழசில் அந்தத் தடுப்பு கிடையாது.

மாஸ்டர், சுடாமல் விசையை மட்டும் அழுத்திப் பழகும் வெறும் பயிற்சிக்கு முன் சேம்பரில் ஒரு காலித் தோட்டாவைப் போடுவாரே, நினைவிருக்கிறதா? ஒவ்வொரு அழுத்தலுக்கும் அதைக் கொஞ்சம் திருப்பி, அடிபடாத விளிம்பை ஊசிக்குக் காட்டச் சொல்வார். நமக்கு அது ஒரு சடங்காகத் தெரிந்தது. அவர் போன பிறகு அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நானும் சொல்லிக்கொடுக்கவில்லை. எத்தனையோ பிள்ளைகள் எத்தனையோ ஆயிரம் தடவை வெறும் சேம்பரில் அழுத்தியிருப்பார்கள். இப்போது காலித் தோட்டாவுக்குப் பதிலாகச் சேம்பரில் போட, சுவரில் திருகு ஏற்ற வைக்கும் சின்ன பிளாஸ்டிக் பிளக்குகளில் அளவு பொருந்துவதாகப் பார்த்து ஒரு டப்பா நிறைய வாங்கி வைத்திருக்கிறேன். மஞ்சள் நிறம், உண்மைத் தோட்டாவோடு குழப்பமே வராது. நுனி நசுங்கினால் தூக்கிப் போட்டுவிடலாம்.

இந்த மாடலுக்கு உதிரி பாகம் செய்வதை நிறுத்தி வெகுகாலம் ஆகிறது. கழித்துவிட்டுப் புதிது வாங்கலாம் என்று கிளப்பில் சிலர் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆர்மரர் கருவி உருக்குக் கம்பியிலிருந்து புது ஊசி ஒன்று கடைந்தார். செங்கனலாகக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தார். அப்படியே விட்டால் கண்ணாடி மாதிரி உடையும். அதனால் தேய்த்துப் பளபளப்பாக்கி, மறுபடி மெல்லச் சூடேற்றினார். மஞ்சள் வந்தது, பழுப்பானது, ஊதா ஆனது, நீலம் பாய்ந்ததும் நிறுத்திவிட்டார். 300 டிகிரி செல்சியஸ் பக்கம் வரும் நிறம் அது. இத்தனை வருடம் துப்பாக்கியோடு பழகியும் அந்த நிறங்கள் கம்பியில் ஓடுவதை அன்றுதான் கிட்டத்தில் நின்று பார்த்தேன்.

ஊசியை மட்டும் மாற்றினால் போதாது என்பதில் அவர் கறாராக இருந்தார். பள்ளம் இருக்கும் இடத்தில் தோட்டாவின் விளிம்புக்குப் பின்பிடிப்பு இல்லை, அடி அமுங்கிப் போய்விடும். உள்பக்கம் பிதுங்கிய உலோகம் காலித் தோட்டாவையும் கவ்விப் பிடிக்கும். அரத்தால் ராவினால் போன உலோகம் திரும்பாது. அதனால் கூம்பு முனையுள்ள கெட்டியான உருக்குக் கருவியைச் சேம்பருக்குள் செலுத்தி, பிதுங்கியதை இருந்த இடத்துக்கே அழுத்தித் தள்ளினார்.

நீளம்தான் பெரிய தொல்லை. உடைந்த துண்டு நசுங்கியிருந்ததால் பழைய அளவு கிடைக்கவில்லை. கொஞ்சம் நீளமாகவே செய்து, சேம்பர் விளிம்பில் நீல மையைத் தடவி, விசையை அழுத்தி, மையில் தடம் விழுகிறதா என்று பார்த்தார். விழுந்தது. சாணைக்கல்லில் இரண்டு இழுப்பு, மறுபடி மை. ஆறாவது தடவை மை கலையாமல் இருந்தது. நுனியின் கூர்மையை மழுக்கினார், இல்லாவிட்டால் பித்தளையைத் துளைத்துவிடும். அப்புறம் மைதானத்தில் ஒவ்வொன்றாகப் போட்டு 50 தோட்டா சுட்டேன். ஐம்பதுமே வெடித்தன. தடம் எல்லாவற்றிலும் முழுச் செவ்வகம்.

உன்னிடம் ஒரு உதவி. அந்த போல்ட்டை மாஸ்டர் முன்னால் கழற்றி, ஒவ்வொரு பாகத்தையும் ஒரு நோட்டில் நீ வரைந்து வைத்தாய். ஊசியின் பக்கத்தில் மில்லிமீட்டரில் அளவு எழுதியதாக ஞாபகம். ஆர்மரர் இரண்டாவது ஊசி ஒன்று செய்து எடுத்து வைக்கிறேன் என்கிறார். அதற்கு முன் இப்போதுள்ள நீளத்தை உன் அளவோடு ஒத்துப் பார்க்க வேண்டும். புதுக் கண்ணோடு தேடி, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்