ஐந்தாம் மாத ஸ்கேனில் இன்னும் ஒரு அளவு

அன்புள்ள ஆசிரியருக்கு,

நவம்பர் 17, உலகக் குறைப்பிரசவ நாள் வந்தால் இன்குபேட்டரில் இருக்கும் குழந்தைகளின் படத்தோடு செய்தி வருகிறது, 900 கிராமில் பிறந்த குழந்தையைப் போராடிக் காப்பாற்றினார்கள் என்று. அந்த டாக்டர்களையும் நர்ஸ்களையும் எத்தனை பாராட்டினாலும் தகும். ஆனால் அந்தப் பிரசவம் முன்னதாகவே வந்துவிடும் என்று தெரிந்துகொள்ள வழி இருந்ததா, யாராவது பார்த்தார்களா என்ற கேள்வியை நான் படித்த செய்திகளில் காணவில்லை.

37 வாரம் முடிவதற்குள் பிறந்தால் குறைப்பிரசவம். 2020-ல் உலகம் முழுக்க சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் அப்படிப் பிறந்தன, அதில் ஏறத்தாழ 30 லட்சம் இந்தியாவில். வேறெந்த நாட்டிலும் இவ்வளவு இல்லை.

முன்கூட்டிக் கணிக்க இன்று இருப்பதில் நம்பகமானது கர்ப்பப்பை வாயின் நீளத்தை ஸ்கேனில் அளப்பதுதான். 18 முதல் 24 வாரத்துக்குள் அது 25 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் சீக்கிரம் பிரசவமாகும் வாய்ப்பு அதிகம். அந்த நேரத்தில்தான் எல்லாரும் ஐந்தாம் மாத ஸ்கேனுக்குப் போகிறோம், குழந்தையின் இதயம், முதுகெலும்பு, சிறுநீரகம் எல்லாம் பார்த்து ரிப்போர்ட் தருகிறார்கள், இந்த ஒரு வரி மட்டும் பல ரிப்போர்ட்டுகளில் இருப்பதில்லை. என் தம்பி மனைவிக்கு முதல் குழந்தையே 33 வாரத்தில் பிறந்தது, அடுத்த கர்ப்பத்தில் ஒரு தனியார் மையத்தில் எடுத்த ஸ்கேனிலும் அந்த அளவு இல்லை, முதல் பிரசவம் எப்படி ஆனது என்று யாரும் கேட்கவும் இல்லை. இரண்டாவது 29 வாரத்தில் பிறந்துவிட்டது. அளந்திருந்தால் கட்டாயம் தடுத்திருக்கலாம் என்று நான் சொல்ல வரவில்லை, முயற்சி செய்யவாவது வாய்ப்பு இருந்திருக்கும்.

சரியாக அளக்க வேண்டுமென்றால் உள்வழியாக, அதாவது பெண்ணுறுப்பு வழியாக எடுக்கும் ஸ்கேன் வேண்டும். அதைக் கேட்டதும் நம் வீடுகளில் பயம், கூச்சம், குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று மாமியாரிலிருந்து கணவர் வரை ஆளுக்கொன்று சொல்வார்கள். குழந்தைக்கு ஒன்றும் ஆகாது, சில நிமிட வேலை, சிறுநீர் கழித்துவிட்டுப் போய்ப் படுத்தால் போதும். வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும்போது சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் கர்ப்பப்பை வாய் இருப்பதைவிட நீளமாகத் தெரியும், அதனால்தான் அதை மட்டும் நம்ப முடிவதில்லை.

தெரிந்து என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: நீளம் குறைவாக இருந்தால் பெண்ணுறுப்பில் வைக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் மருந்து குறைப்பிரசவத்தைக் குறைக்கிறது. முன்பே குறைமாதத்தில் பெற்றவர்களில் சிலருக்குக் கர்ப்பப்பை வாயில் தையல் போடுகிறார்கள், 1950-களில் அந்தத் தையல் முறை ஒன்றை உலகுக்குக் கொடுத்தவரே மும்பை டாக்டர் ஷிரோத்கர்தான். எதுவும் பலிக்காவிட்டாலும், வலி வருவதற்கு முன்பே பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனையைப் பார்த்து வைக்கலாம், குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்கான ஸ்டீராய்டு ஊசியைச் சரியான நேரத்தில் போடலாம். வீட்டில் சும்மா படுத்தே இருக்கச் சொல்வதால் பலன் உண்டு என்பதற்குத்தான் ஆதாரம் இல்லை.

ஃபைப்ரோநெக்டின் என்ற புரதம் இருக்கிறதா என்று பார்க்கும் இன்னொரு பரிசோதனையும் உண்டு. முன்கூட்டியே வலி வந்தவர்களுக்குக் கர்ப்பப்பை வாய்க்கு அருகிலிருந்து பஞ்சுக்குச்சியில் திரவம் எடுத்துப் பார்ப்பது. நெகட்டிவ் என்றால் அடுத்த ஒன்றிரண்டு வாரத்தில் பிரசவமாகும் வாய்ப்பு மிகவும் குறைவு என்று ஓரளவு நிம்மதியாக இருக்கலாம், பாசிட்டிவ் என்பதை மட்டும் வைத்துப் பயப்படத் தேவையில்லை, பாசிட்டிவ் வந்த பலருக்கும் பிரசவம் உடனே ஆவதில்லை. எந்தத் தொந்தரவும் இல்லாத எல்லாரும் இதற்காகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

நீளம் சரியாக இருந்தும் குறைமாதத்தில் பெறுபவர்கள் நிறைய உண்டு, இரத்த அழுத்தம், தொற்று, இரட்டைக் குழந்தை என்று காரணங்கள் பல. அதற்காகப் பார்க்கக்கூடியதையும் பார்க்காமல் விடுவதா? எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைப் பரிசோதனை என்று 2007-லேயே முடிவெடுத்த மாநிலம் நம்முடையது. அதேபோல, முன்பு குறைப்பிரசவமோ ஐந்து, ஆறாம் மாதத்தில் கருச்சிதைவோ ஆனவர்களுக்கு உள்வழி ஸ்கேனைக் கட்டாயமாக்கட்டும், மற்றவர்களுக்கு ஐந்தாம் மாத ஸ்கேனில் கர்ப்பப்பை வாயைப் பார்த்து அளவை ரிப்போர்ட்டில் எழுதட்டும், குறைவாகத் தெரிந்தால் அன்றைக்கே உள்வழியாகவும் அளக்கட்டும். அரசு ஆணை வரும்வரை, ஸ்கேனுக்குப் போகும் பெண்களும் கூடப் போகிறவர்களும் "கர்ப்பப்பை வாய் நீளம் எவ்வளவு?" என்று கேட்டு ரிப்போர்ட்டில் எழுதி வாங்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி