மலேசியாவின் பேராக் ஆற்றங்கரை ஊர்களுக்கு ஒருநாள் பயணம்

வணக்கம் உறவுகளே. ஜூன் 14, ஞாயிறு காலை 7 மணிக்கு மாரியம்மன் கோயில் வாசலிலிருந்து பஸ் புறப்படும். வழிகாட்டி உடன் வருவார்.

1. முதலில் கோலா கங்சார். 1877இல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று அங்கே இன்னும் நிற்கிறது. நம் தாத்தா பாட்டிமார் இருட்டிலேயே எழுந்து பால் வெட்டிய மரங்களுக்கு மூத்த தலைமுறை அது. பிள்ளைகளுக்கு இதைக் காட்டத்தான் இந்தப் பயணத்தையே கேட்டு வாங்கினேன். அவசியம் அழைத்து வாருங்கள்.
2. உபுடியா பள்ளிவாசலுக்கும் போகிறோம். கைகால் மறைக்கும் உடை வேண்டும்.
3. பிற்பகல் தெலுக் இந்தான்: 1885இல் கட்டிய சாய்ந்த கோபுரம்.
4. பகல் உணவுடன் 45 வெள்ளி (ரிங்கிட்). இருக்கைகள் 40 மட்டுமே, முன்வரிசை முதியவர்களுக்கு.

ஜூன் 5க்குள் பெயர், ஆள் எண்ணிக்கை, சைவமா அசைவமா என்று இங்கேயே பதில் எழுதுங்கள்.