ஆதார் ஜெராக்ஸ்: கடைசி நான்கு இலக்கம் போதும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

லாட்ஜ் அறை, வாடகை வீடு, கல்யாண மண்டபம், குழுக் கடன் என்று எங்கே போனாலும் "ஆதார் ஜெராக்ஸ் ஒண்ணு குடுங்க" என்கிறார்கள். நாமும் யோசிக்காமல் நீட்டிவிடுகிறோம். அந்தத் தாளைக் கோப்பில் சொருகி வைப்பதால் வந்தவர் யார் என்பது உறுதியாவதில்லை. பெயரையும் படத்தையும் மாற்றி அச்சடித்த நகலும் அதே கோப்பில்தான் போய்ச் சேரும். உண்மையாகவே சரிபார்க்க வேண்டுமானால் அட்டையில் உள்ள கியூஆர் கோடை ஆதார் ஆணையத்தின் செயலியில் ஸ்கேன் செய்ய வேண்டும். ஆணையத்தின் டிஜிட்டல் கையொப்பம் சரிபார்க்கப்பட்டு, பெயர், பிறந்த தேதி, முகவரி, புகைப்படம் எல்லாம் திரையில் வந்துவிடும். 12 இலக்க எண் முழுதாக அதில் இருக்காது. கடைசி நான்கு மட்டும்தான் தெரியும், அடையாளம் பார்க்க அதுவே போதும்.

முழு எண் வெளியே போனால் என்ன ஆகும் என்று கேட்பவர்கள், ஆதாரையும் விரல்ரேகையையும் வைத்து வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கும் ஏஇபிஎஸ் முறையைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். கிராமங்களில் வங்கி முகவர் கையடக்கக் கருவியோடு வந்து பணம் கொடுப்பது இந்த வழியில்தான். வங்கியின் பெயர், ஆதார் எண், விரல்ரேகை மூன்றும் இருந்தால் ஒரு தடவைக்கு 10,000 ரூபாய் வரை எடுக்கலாம். ஏடிஎம் அட்டை, ரகசிய எண், ஓடிபி எதுவும் வேண்டாம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு இது பெரிய உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் எண் ஜெராக்ஸில் கிடைக்கிறது, ரேகை பத்திரத்தில் கிடைக்கிறது. நிலப் பத்திரத்தில் பெருவிரல் ரேகையும், கூடவே இணைத்த அடையாள அட்டை நகலும் ஒரே கட்டில் இருப்பதுதான் வினை. 2018-இல் தெலங்கானாவில் சிம் கார்டு விற்பவர் ஒருவர் பதிவுத்துறை இணையதளத்திலிருந்து பத்திரங்களை இறக்கி, அதிலிருந்த ரேகைகளைப் போலியாக வார்த்து, பிறர் பெயரில் சிம் கார்டுகளை இயக்கி மாட்டிக்கொண்டார். 2023-இல் ஆதார் ஆணையம், வைக்கப்படுவது உயிருள்ள விரல்தானா என்று கண்டறியும் கூடுதல் சோதனையைக் கொண்டுவந்தது. நல்ல ஏற்பாடு. அதை மட்டும் நம்பி இருப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

முதல் வேலை, எண்ணை மறைத்த மாஸ்க்டு ஆதார். ஆணையத்தின் மைஆதார் தளத்தில் ஓடிபி கொடுத்து உள்ளே போய், 'டவுன்லோட் ஆதார்' பகுதியில் 'மாஸ்க்டு ஆதார் வேண்டுமா' என்ற கட்டத்தில் டிக் செய்ய வேண்டும். முதல் எட்டு இலக்கங்கள் எக்ஸ் எழுத்துகளாக மறைந்து வரும். டிக் செய்ய மறந்தால் முழு எண்ணோடுதான் கோப்பு இறங்கும்; பலர் தவறுவது இங்கேதான். கோப்புக்குக் கடவுச்சொல் இருக்கிறதே என்று தெம்பாக இருக்கவும் முடியாது. பெயரின் முதல் நான்கு ஆங்கிலப் பெரிய எழுத்துகள், அதோடு பிறந்த ஆண்டு, அவ்வளவுதான் கடவுச்சொல். முருகன், பிறந்தது 1975 என்று தெரிந்த யாரும் திறந்துவிடலாம். அந்த இரண்டும் நாம் கொடுக்கும் ஜெராக்ஸிலேயே அச்சாகியிருக்கின்றன.

அச்செடுக்கும் இடம் இன்னொரு ஓட்டை. பிரவுசிங் சென்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால், கடைக்காரரின் போனில் ஒன்று, கணினியின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் ஒன்று என்று நகல் தங்கிவிடுகிறது. அச்செடுத்த கையோடு கண்ணெதிரே ஷிஃப்ட்டும் டெலிட்டும் சேர்த்து அழுத்தி அழிக்கச் சொல்லுங்கள். டெலிட் மட்டும் அழுத்தினால் ரீசைக்கிள் பின்னில் கிடக்கும். வாட்ஸ்அப் செய்தியையும் 'அனைவருக்கும் நீக்கு' கொடுத்து எடுத்துவிடலாம். நகலின் மேல் யாருக்கு, எதற்கு, என்ன தேதி என்று குறுக்காக எழுதிக் கையெழுத்திட்டால் அதே தாளை வேறு காரியத்துக்குப் பயன்படுத்துவது கடினம். எழுத்து கியூஆர் கோடின் மேல் படக்கூடாது.

எண்ணையே கேட்கும் சேவைகளுக்கு 16 இலக்க மெய்நிகர் எண்ணை, அதாவது விஐடியைக் கொடுக்கலாம். புதிதாக ஒன்று எடுத்தால் பழையது செல்லாது. அதிலிருந்து ஆதார் எண்ணைக் கண்டுபிடிக்கவும் முடியாது.

ஆனால் பணத்தைக் காப்பது பயோமெட்ரிக் லாக்தான். எண்ணும் போலி ரேகையும் கையில் இருந்தாலும், பூட்டிய ஆதாரில் ரேகை, கருவிழி, முகம் எதுவும் ஏற்காது. மைஆதார் தளத்திலோ செயலியிலோ பூட்டலாம். சிக்கல் ரேஷன் கடையில் வரும். பூட்டியதை மறந்து விரலை வைத்தால் கருவி 330 என்ற பிழை எண்ணைக் காட்டும். விரலைத் துடைத்துத் துடைத்து வைத்தாலும் பயன் இருக்காது. வரிசையில் நிற்கும்போதே செயலியில் தற்காலிகமாகத் திறந்துகொண்டால் 10 நிமிடம் திறந்திருக்கும், பிறகு தானே பூட்டிக்கொள்ளும். ஓய்வூதியர்கள் விரல் வைத்து உயிர்வாழ் சான்று கொடுக்கும் நாளிலும் இதே கதைதான். போன் கையாளத் தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் பூட்டிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விடக்கூடாது. அவர்களுக்கு, வங்கிக் கணக்கில் ஏஇபிஎஸ் வழிப் பணம் எடுப்பதை நிறுத்தித் தர முடியுமா என்று கிளையில் கேட்பது நல்லது.

இத்தனையும் ஒரு செல்பேசி எண்ணை நம்பி நிற்கிறது. ரீசார்ஜ் செய்யாமல் விட்ட பழைய எண் துண்டிக்கப்பட்டு, 90 நாள் கழிந்தபின் வேறொருவருக்குப் போகலாம். ஆதாரில் அந்த எண்ணே இருந்தால் ஓடிபி அவருக்குத்தான் போகும். எண்ணை மாற்றுகிறவர்கள் ஆதாரில் முதலில் மாற்றிவிட்டுப் பிறகு பழைய சிம்மைக் கைவிட வேண்டும்.

மைஆதார் தளத்தில் 'ஆதென்டிகேஷன் ஹிஸ்டரி' என்ற பகுதி உண்டு. கடந்த ஆறு மாதத்தில் உங்கள் ஆதார் எங்கே, எந்த முறையில் சரிபார்க்கப்பட்டது என்று ஒரு தடவைக்கு 50 பதிவுகள் வரை காட்டும். நீங்கள் விரல் வைக்காத நாளில் 'பயோமெட்ரிக்' என்று ஒரு வரி இருந்தால் உடனே பூட்டிவிட்டு ஆணையத்தின் உதவி எண் 1947-க்குப் பேசுங்கள். உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்பதை தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம்.

இனி அதிகாரிகள் கவனத்துக்கு. 2022 மே மாதம் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், நகல்களைக் கண்டபடி கொடுக்காதீர்கள், மாஸ்க்டு ஆதார் கொடுங்கள் என்று அறிவித்தது. தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று சொல்லி இரண்டே நாளில் அது திரும்பப் பெறப்பட்டது. மாஸ்க்டு ஆதார் வசதி மட்டும் அப்படியே இருக்கிறது, கேட்பவர்கள்தான் இல்லை. லாட்ஜ் வரவேற்பில் மாஸ்க்டு நகலை மறுக்கக்கூடாது என்று மாவட்ட நிர்வாகம் தெளிவாக எழுதி ஒட்டச் சொல்லலாம். இ-சேவை மையங்களில் அன்றாடம் இறக்கும் கோப்புகளை மாலையில் கணினியிலிருந்து அழிப்பதைக் கட்டாயமாக்கலாம். இரண்டுக்கும் பெரிய செலவில்லை.

பணம் போய்விட்டவர்கள் முதலில் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழைக்க வேண்டும், அன்றைக்கே வங்கியில் எழுத்துமூலம் புகார் தர வேண்டும். வங்கியின் மீதும் வாடிக்கையாளர் மீதும் தவறில்லாத மோசடியில், வங்கியிலிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் புகார் செய்தால் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை என்றது ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கை. வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்தால் எந்த நாளில் சொன்னோம் என்பதே பிறகு வழக்காகிவிடும். புகார் நகலில் தேதியோடு வங்கி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தகவல் பாதுகாப்புப் பணியில் உள்ள வாசகர்,
மதுரை.