அம்பாலா ராணுவக் குவார்ட்டர்ஸில் எங்களைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

வணக்கம். போன வாரம் வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது பரணிலிருந்து அப்பாவின் கருப்பு டிரங்குப் பெட்டியை இறக்கினோம். மூடியில் வெள்ளை பெயின்டில் அவருடைய நம்பர், ரேங்க், பெயர், யூனிட். பெயின்ட் உரிந்த இடத்தில் அடியில் இருந்த பழைய எழுத்து தெரிந்தது. பிரமோஷன் வரும்போதெல்லாம் ரேங்கை மட்டும் அழித்து எழுதுவார். நாயக் இருந்த இடத்தில் ஹவில்தார், அதற்கு மேல் நாயப் சுபேதார். அதைத் தடவிக்கொண்டிருந்தவர் திடீரென்று, "நாம அம்பாலாவை விட்டுக் கிளம்பினப்ப அவங்களுக்கெல்லாம் ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்தோமா?" என்று கேட்டார்.

சொல்லவில்லை. ஆர்டர் வந்துவிட்டால் பெட்டி கட்டவும் ரயிலைப் பிடிக்கவும்தான் நேரம் இருக்கும். ஒவ்வொரு போஸ்டிங்கிலும் அப்படித்தான். அதனால்தான் இத்தனை வருஷம் கழித்து எழுதுகிறேன்.

ஸ்கூல் டிரக் ஓட்டிய அங்கிள், உங்களுக்கு முதலில். நாங்கள் பள்ளிக்குப் போனது பஸ்ஸில் அல்ல, சக்திமான் என்ற ராணுவ லாரியில். அதன் பின்பக்கப் பலகை என் தலைக்கு மேலே இருக்கும். நீங்கள் தினமும் ஒரு முட்டியை ஊன்றி உட்கார்ந்து, மற்ற தொடையைப் படியாக வைப்பீர்கள். எங்கள் ஷூ சேறெல்லாம் உங்கள் பேன்ட்டில். இஸ்திரி போட்ட யூனிஃபார்ம் அது. ஒருநாள்கூட நீங்கள் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

கேந்திரிய வித்யாலயாவில் எனக்கு இந்தி எடுத்த டீச்சர், உங்களுக்கும். 1963-இல் 20 ரெஜிமென்ட் பள்ளிகளை எடுத்து நடத்தத் தொடங்கியதிலிருந்து வளர்ந்தவைதான் அந்தப் பள்ளிகள் என்று பெரியவளான பிறகு படித்தேன். ஊர் ஊராக மாறும் எங்களைப் போன்ற பிள்ளைகளுக்கென்றே வந்தவை. எந்த ஊருக்குப் போனாலும் அதே பாடப்புத்தகம். ஆனால் வகுப்பில் பேசும் பாஷை மாறிவிடுமே! நடுவருஷத்தில் வந்து சேர்ந்து வாயே திறக்காமல் இருந்த என்னை, மதிய இடைவேளையில் பக்கத்தில் உட்காரவைத்து எழுத்துக்கூட்டச் சொல்லிக் கொடுத்தீர்கள்.

இன்னொன்றும் செய்தீர்கள். '56 ஏ.பி.ஓ.' என்பது ஒரு ஊர் என்று நினைத்து நான் அட்லஸில் தேடிக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு எழுதும் கடிதத்தில் அவ்வளவுதானே விலாசம். யூனிட் எங்கே இருக்கிறது என்று வெளியே தெரியக்கூடாது, அதனால்தான் ஊர்ப்பெயரே இல்லை, ராணுவத் தபால்காரர்கள் பிரித்துக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள் என்று பொறுமையாகச் சொன்னீர்கள். அன்றிலிருந்து எனக்கு ராத்திரி தூக்கம் வந்தது.

1999 மே மாதம் எங்கள் யூனிட் அப்படியே கார்கிலுக்குக் கிளம்பியது. அதன்பின் லைன் முழுக்க, அதாவது எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசை முழுக்க, பெண்களும் பிள்ளைகளும்தான். தபால் கொண்டுவந்த ஜவான் அண்ணா, நீங்கள் தெருமுனையிலேயே சைக்கிளை நிறுத்தி, கடிதம் வந்த வீட்டைப் பார்த்துக் கையை உயர்த்துவீர்கள். இரண்டு கடிதம் என்றால் இரண்டு விரல். வராத வீட்டு அம்மாக்கள் வாசல் வரை வந்து ஏமாறக்கூடாது என்றுதான் அப்படிச் செய்தீர்கள் என்பது எனக்கு அப்போது புரியவில்லை. அப்பாவின் கடிதங்கள் நான்கே வரிதான் இருக்கும். "நான் நலம். பிள்ளைகளைப் படிக்கச் சொல்." அம்மா அதை அரைமணி நேரம் படிப்பார்.

ஜூனில் ஒரு மதியம் ஜீப் வந்தது. ஆபீசரும் சுபேதார் சாபும் இரண்டு பெண்களும் இருந்தார்கள். எல்லா வாசலிலும் பெண்கள் நின்றார்கள், ஒருவரும் பேசவில்லை. ஜீப் எங்கள் வீட்டைத் தாண்டியது. அம்மா என் தோளைப் பிடித்திருந்த பிடி அப்போதுதான் தளர்ந்தது. அது மூன்று வீடு தள்ளி நின்றது.

பக்கத்து வீட்டு கட்வாலி ஆண்டி, அன்று லைன் பிள்ளைகள் அத்தனை பேரையும் உங்கள் ஒற்றை அறைக்குள் வைத்துக்கொண்டு, ராத்திரி வரை கதை சொன்னீர்கள். உங்கள் வீட்டுக்காரரும் அங்கேதான் இருந்தார். குரல் உங்களுக்கு ஒருமுறைகூட நடுங்கவில்லை.

அந்தப் போரில் இறந்த நம் வீரர்கள் 527 பேர் என்று அரசுக் கணக்கு. அதில் ஒருவர் அந்த மூன்றாவது வீட்டு அங்கிள்.

அவருடைய மனைவியான ஆண்டி, கடைசியாக உங்களுக்கு. குவார்ட்டர்ஸைக் காலி செய்து கிளம்பிய அன்று, வெள்ளைத் துப்பட்டாவோடு எங்கள் வாசலுக்கு வந்தீர்கள். அம்மாவின் கையைப் பிடித்து, "சிட்டி ஆயீ?" என்று கேட்டீர்கள். உங்களுக்கு இனி கடிதம் வராது. எங்களுக்கு வந்ததா என்று கேட்டீர்கள். முதல்நாள்தான் வந்திருந்தது. அதை உங்களிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அம்மா தலையை மட்டும் ஆட்டினார்.

வந்தது, ஆண்டி. அப்பாவும் திரும்பி வந்தார். இந்தக் கடிதத்தை எழுதும்போது பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். உங்கள் வீட்டு அங்கிளோடு ஒரே பாரக்கில் இருந்த நாட்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறார். உங்கள் பிள்ளைகள் கேட்க விரும்பினால், நாங்கள் எல்லோருமாக வந்து சொல்கிறோம்.

என்றும் நன்றியுடன்,
லைனின் கடைசி வீட்டுத் தமிழ்க் குடும்பத்துப் பெண்