பின்கட்டுக்குப் போய்ச் சேராத 12 வோல்ட்

ஆசிரியருக்கு வணக்கம்.

பூட்டிக் கிடக்கிற வீட்டுக்குக் கேமரா வை, கேமரா வை என்று எல்லோரும் சொல்கிறார்கள், சரி. அதற்குப் போகிற கரண்டைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை.

தேவகோட்டையில் எங்கள் வீடு, இந்தப் பக்கத்துப் பழைய வீடுகள் மாதிரியே முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு அடுத்த தெருவிலுமாக நீண்டு கிடப்பது. முன்னோருக்கான படைப்பு, கல்யாணம் தவிரத் திறப்பதில்லை. பங்காளிகள் பங்குக்கு இவ்வளவு என்று போட்டு எட்டு கேமரா மாட்டினோம்.

பகலெல்லாம் படம் பளிச்சென்று இருக்கும். இருட்டியதும் பின்கட்டு கேமரா இரண்டும் அணைந்து அணைந்து வரும், திருடனுக்குச் சொல்லி வைத்தது போல! கேமரா கோளாறு என்று ஒன்றை மாற்றிக் கொடுத்தார்கள், புதுசும் அதையேதான் செய்தது. அப்புறம் நானே மல்டிமீட்டரோடு ஏணியில் ஏறினேன். முகப்பில் இருக்கும் பவர் சப்ளை பெட்டியில் 12.1 வோல்ட், பின்கட்டு கேமராவில் கரண்ட் செருகும் முனையில் 9.5.

பெட்டி 10 ஆம்பியர், எட்டு கேமராவும் சேர்ந்து ராத்திரி இழுப்பது 4, அதில் குறையில்லை. குறை ஒயரில். சுவரை உடைக்க மனசு வராமல் தாழ்வாரத்தை ஒட்டிச் சுற்றி இழுத்ததில் 70 மீட்டர், போக வர 140, அதுவும் மெல்லிசு ஒயர். இருட்டில் கேமராவின் ஐ.ஆர். விளக்குகள் (கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சம் தருபவை) எரியும்போது அரை ஆம்பியர் ஓடும், வழியிலேயே இரண்டரை வோல்ட் போய்விடும். பெட்டியில் உள்ள திருகைத் திருப்பி 14 வோல்ட் ஆக்கலாம் என்றார் ஒருவர். அப்படிச் செய்தால் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற கேமராக்கள் என்ன ஆவது?

பின்கட்டு பிளக்கிலிருந்து அந்த இரண்டுக்கும் தனியாக ஒரு 12 வோல்ட் அடாப்டர் போட்டேன், அன்றோடு சரியானது. (ஊருக்குக் கிளம்பும்போது மெயினை அணைத்துவிட்டுப் போன பங்காளி கதை வேறு.) புதிதாகப் போடுகிறவர்கள் பி.ஓ.இ. (பவர் ஓவர் ஈதர்நெட்) கேமராவாகவே வாங்கலாம். 48 வோல்ட்டில் போவதால் அதே கேமராவுக்குக் கால்வாசி ஆம்பியர் போதும், ஒரே நெட்வொர்க் கேபிளில் படமும் கரண்டும் 100 மீட்டர் வரை போகும். கேபிள் சுத்தச் செம்பாக இருக்க வேண்டும், செம்பு பூசிய அலுமினியம் ஆகாது.

மாட்டுகிறவர்கள் பில்லில் கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று எழுதுகிறார்கள், ஒயர் எத்தனை மீட்டர், என்ன கனம் என்பதையும் எழுதட்டும். வீட்டுக்காரர்களும் பாக்கிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன்னால், இருட்டின பிறகு, கடைக்கோடி கேமராவில் மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

ஒரு வாசகர்,
தேவகோட்டை